கிராமத்துத் திரைப்படச் சங்கத்துக்குப் புதுக் கருவி வாங்க நிதி திரட்டும் முறை

புதுப் புரொஜெக்டருக்கு நன்கொடை கேட்கப் புறப்படும் முன், இருக்கும் கருவியில் என்ன குறை என்பதை ஊரார் தங்கள் கண்ணாலேயே காணும்படி செய்ய வேண்டும். பவானிக்கு அருகிலுள்ள எங்கள் ஊரில் முதல் ஆண்டு ரசீதுப் புத்தகத்தோடு வீடு வீடாக ஏறி இறங்கினோம்; "இப்பவும் படம் தெரியுதுங்களே, புதுசு எதுக்குங்க?" என்ற கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. மறு ஆண்டு ஈரோட்டிலிருந்து நல்ல கருவி ஒன்றை ஒரு நாள் வாடகைக்கு எடுத்துவந்து, கோயில் திடலில் கட்டிய ஒரே திரையின் இடப்பாதியில் பழைய கருவியாலும் வலப்பாதியில் வாடகைக் கருவியாலும் ஒரே காட்சியை ஓட்டினோம். இரவில் வாசலில் நிற்கும் பெண்ணின் முகம் ஒருபக்கம் வெறும் நிழலாகவும், மறுபக்கம் கண்ணோரத்து ஈரம் வரை தெளிவாகவும் தெரிந்தது. முன்வரிசைப் பாட்டி ஒருவர் எழுந்து திரையருகே போய், "இத்தனை நாளா இதைப் பாக்காமயே இருந்திருக்கறமே" என்றார். அதற்குப் பின் ஊருக்கு நாங்கள் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்தது மதிப்பீடு. குறைந்தது மூன்று கடைகளில் எழுத்து மூலம் விலைப்புள்ளி வாங்குங்கள். விளம்பரத்தில் வெளிச்ச அளவாக வெறுமனே 'லூமென்' என்று போட்டிருக்கும் எண்ணை நம்பாமல், தர முறைப்படி திரையில் அளந்த வெளிச்சமான 'ஆன்சி லூமென்' எவ்வளவு என்று கேளுங்கள். மலிவான கருவிகள் பலவற்றில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு இருக்கும். தெருவிளக்கு வெளிச்சம் படும் திடலுக்கு 3000 ஆன்சி லூமெனுக்குக் குறையாமல் இருப்பது நல்லது. திரை, ஒலிபெருக்கி, ஸ்டெபிலைசர், நீண்ட கேபிள், மாற்று விளக்கு ஆகியவற்றின் விலையையும் சேர்த்து ஒரே தொகையாகச் சொல்ல வேண்டும். பாதி வாங்கிய பின் மறுபடி கையேந்துவது சங்கத்தின் பெயரைக் கெடுக்கும்.

கேட்கும் பருவம் முக்கியம். எங்கள் பக்கம் மஞ்சள் வெட்டி, வேகவைத்து, உலர்த்தி, ஈரோட்டுச் சந்தையில் விற்றுக் காசு கைக்கு வரும் வரை தோட்டக்காரர்களிடம் போவதில் பயனில்லை. திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகும் குடும்பங்களிடம் தீபாவளி போனஸ் வந்த வாரத்தில் கேளுங்கள். விசைத்தறிக்காரர்களிடம் கூலி பட்டுவாடா நாளில் கேளுங்கள். பணம் தர இயலாதவர்களிடம் உழைப்பைக் கேட்கத் தயங்க வேண்டாம்: எங்கள் திரையைத் தைத்துத் தந்தவர் ஊர்த் தையல்காரர், மின்இணைப்பைச் சரிசெய்தவர் ஊர் வயர்மேன். வெளியூரில் பிழைக்கும் நம்மூர்க்காரர்களுக்கு எழுதும்போது, 1905இல் புரொஜெக்டர் ஒன்றை வாங்கி ஊர் ஊராகப் படம் காட்டி, பின்னர் 1914இல் வெரைட்டி ஹால் அரங்கைக் கட்டிய கோவை சாமிக்கண்ணு வின்சென்டை நினைவூட்டுங்கள். நம் மண்ணில் சினிமா இப்படித்தான் காலூன்றியது.

கணக்கில் சிறு தளர்வும் கூடாது. 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் சங்கத்தைப் பதிவுசெய்து, இருவர் கையொப்பமிட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்ற நிபந்தனையோடு வங்கிக் கணக்கு தொடங்குங்கள். வரிசை எண்ணும் அடிக்கட்டையும் உள்ள ரசீது பத்து ரூபாய்க்கும் தரப்பட வேண்டும். நன்கொடைக்கு வரிச்சலுகை தரும் வருமான வரித் துறை அனுமதியை (80ஜி என்று அழைக்கப்பட்டுவந்தது) பெறாமல் வரிவிலக்கு உண்டு என்று யாரிடமும் சொல்லாதீர்கள். நிதிக்காகக் கட்டணக் காட்சி நடத்த நினைத்தால், முதலில் படத்தின் உரிமையாளரிடம் எழுத்து மூலம் அனுமதி பெறுங்கள். டிஸ்க்கை விலைக்கு வாங்கியதால் மட்டும் பொதுவில் திரையிடும் உரிமை வந்துவிடாது.

கல்யாண வீட்டு மொய் நோட்டைப் போலவே ஒரு நோட்டுப் போட்டு, பெயர், ஊர், தொகை மூன்றையும் எழுதி, ஒவ்வொரு காட்சிக்கு முன்பும் ஐந்து நிமிடம் வாசித்துக் காட்டுங்கள். கருவி வந்ததும் கடைப் பில்லின் நகலைத் திரைக்கம்பத்தில் ஒட்டுங்கள். மீந்த தொகையைப் பழுதுபார்ப்புக்கென்று தனியாக வங்கியிலேயே வையுங்கள்.