காந்த விளக்கை ஒட்டிவிட்டால் மட்டும் போதாது: மோட்டார்ஹோமில் கார் இழுப்பவர்கள் செய்யும் தவறுகள்

மோட்டார்ஹோமுக்குப் பின்னால், அதாவது தங்கும் வசதியோடு வீடு போல அமைந்த பெரிய வண்டிக்குப் பின்னால், காரைக் கட்டி இழுத்துப் போகும்போது, அந்தக் காரின் பின்பக்கம் விளக்கு எரிகிறதா அணைந்துவிட்டதா என்பது ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது. பின்னால் வருகிறவர் ஹாரன் அடித்துச் சொன்னால்தான் உண்டு. காரின் பின்பக்கம் இடதும் வலதுமாகக் காந்தத்தால் ஒட்டி, மோட்டார்ஹோமில் சொருகிய டிரான்ஸ்மிட்டரின் சிக்னலுக்கேற்ப எரியும் வயர்லெஸ் காந்த விளக்கில் பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். எடுத்தோம், ஒட்டினோம், ஒரு தடவை மின்னியது, சரி கிளம்பலாம் என்று கிளம்பிவிடுகிறோம்.

நான் செய்த பெரிய தப்பு, ஹஸார்டு லைட்டைப் போட்டுச் சோதித்தது. இரண்டும் சேர்ந்து மின்னின, திருப்தியாக வண்டியை எடுத்துவிட்டேன். அவசரத்தில் இடது விளக்கை வலது பக்கம் ஒட்டியிருந்தேன் என்பது ஹஸார்டில் எப்படித் தெரியும்? பிரேக்கை மிதித்தாலும் தெரியாது, அப்போதும் இரண்டும் ஒன்றாகத்தானே எரியும். இடது இண்டிகேட்டரைத் தனியாக, வலதைத் தனியாகப் போட்டு, இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டும். கூட யாரும் இல்லையென்றால் போனில் வீடியோ ஓடவிட்டு, காருக்குப் பின்னால் நிறுத்தி வைத்துவிட்டுப் போய் ஒவ்வொன்றாகப் போடுங்கள். பிரேக்குக்கும் டெயில் லைட்டுக்கும் அதே வீடியோ போதும்.

அடுத்து, காந்தம் ஒட்டுமா என்பதையே பார்க்காமல் வாங்குவது. ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பின் பாடி 2015 மாடலில் இருந்து அலுமினியம், அதில் காந்தம் நிற்காது. ஜீப் ராங்ளரின் ஃபைபர்கிளாஸ் கூரையிலும், பிளாஸ்டிக் பம்பரிலும் அதே கதைதான். இரும்புத் தகடாகவே இருந்தாலும், எப்போதோ இடிபட்டுப் பட்டி பார்த்த இடமாக இருந்தால் பிடிப்பு பாதிதான் இருக்கும். கையால் அசைத்தாலே நகர்கிறது என்றால் நெடுஞ்சாலைக் காற்றுக்குத் தாங்காது. விளக்கோடு பாதுகாப்புக் கயிறு வந்திருந்தால் தூக்கிப் போடாமல் கட்டிவிடுங்கள்.

பெயின்ட் கீறுவதற்குக் காந்தத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. கீறுவது இடையில் மாட்டிய மணல். ஒட்டும் முன் தகட்டையும் காந்தத்தின் அடியையும் ஈரத்துணியால் துடையுங்கள், எடுக்கும்போது இழுத்து நகர்த்தாமல் ஓரத்தைச் சாய்த்துத் தூக்குங்கள். நான் இழுத்து எடுத்த அடையாளம் டிக்கி மூடியில் பிறை வடிவத்தில் இன்னமும் இருக்கிறது.

சாய்வான டிக்கி மூடியில் ஒட்டினால் விளக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும், பின்னால் வருகிறவர் கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரியும். நேராகப் பின்னோக்கி, இரண்டும் ஒரே உயரத்தில், முடிந்தவரை ஓரத்துக்கு ஓரம் தள்ளி வையுங்கள். அமெரிக்க விதிப்படி டெயில் லைட் தரையிலிருந்து 15 அங்குலத்துக்கும் 72 அங்குலத்துக்கும் இடையில் இருக்க வேண்டும், அந்த அளவை மனதில் வைத்துக்கொண்டு இடம் பாருங்கள்.

சார்ஜ் விஷயம் சொல்லவே வேண்டாம், ஆனாலும் மறந்துவிடுகிறோம். டெயில் லைட் தொடர்ந்து எரியும் இரவுப் பயணத்தில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், கடும் குளிரில் இன்னும் சீக்கிரம். தங்குகிற இடத்தில் ஒவ்வொரு இரவும் போட்டுவிடுங்கள். சார்ஜ் துளையின் ரப்பர் மூடியை அழுத்தி மூடாமல் மழையில் ஓட்டினால் அப்புறம் சார்ஜே ஏறாது. இன்னொன்று, விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் உடனே விளக்கைத் திட்டாதீர்கள். டிரான்ஸ்மிட்டர் சொருகும் மோட்டார்ஹோம் சாக்கெட்டைக் குனிந்து பாருங்கள், பின்களில் பச்சை பூத்திருந்தால் கோளாறு அங்கேயே இருக்கலாம்.

விளக்கு எரிந்தால் காரும் பிரேக் பிடிக்கும் என்று நினைப்பவர்களும் உண்டு. அது வேறு, இழுக்கப்படும் காருக்கான தனி பிரேக் சாதனம் வேறு.

மாதம் தவறாமல் காரை இழுப்பவர் என்றால், என்னைக் கேட்டால், காரின் பின்விளக்குக்கு நிரந்தரமாக வயர் இழுத்துவிடுவதே நல்லது. காந்த விளக்கை அவசரத்துக்கு டிக்கியில் வைத்துக்கொள்ளலாம், அதையும் சார்ஜ் போட்டே வையுங்கள்.