புது மருந்து ட்ரையலுக்குக் கூப்பிடுகிறார்களா? கையெழுத்துக்கு முன்னும் பின்னும்

மனச்சிதைவு நோய்க்கான (ஸ்கிசோஃப்ரினியா) மருந்து ட்ரையல்களில், அதாவது புது மருந்தை நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்கும் ஆய்வுகளில், ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். வார்டில் என் பெயர் ‘ஸ்டடி மேடம்’. மாத்திரை எழுதுவது டாக்டர். கன்சென்ட் ஃபார்ம் என்ற சம்மதப் படிவம், ரத்த சாம்பிள், விசிட் தேதி, பஸ் காசு, அழுகை எல்லாம் என் மேஜைக்கு வரும். உங்கள் வீட்டில் ஒருவருக்கு இந்த நோய் இருந்து, “புது மருந்து ஒன்று இருக்கிறது, சேருகிறீர்களா?” என்று டாக்டர் கேட்டால் என்ன செய்யலாம் என்பதை இந்த மேஜையிலிருந்து பார்த்தபடி சொல்கிறேன்.

“மேடம், எங்க பையனுக்கு நல்ல மாத்திரையாப் பாத்துப் போடுங்க.” அம்மாக்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். போட முடியாது அம்மா. யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போடுகிறது; எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. அதைவிட முக்கியம், எது நல்ல மாத்திரை என்றே இன்னும் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் ட்ரையல் எதற்கு?

இதே நோய்க்கு 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கோபென்ஃபி மருந்தை உதாரணமாகப் பார்க்கலாம். 1950களின் குளோர்புரோமசின் தொடங்கி இன்று மெடிக்கலில் வாங்கும் ரிஸ்பெரிடோன், ஓலான்சபின் வரை எல்லாம் மூளையின் டோபமின் என்ற ரசாயனத்தில் கைவைப்பவை. இது வேறு வழியில் போகிறது. இதிலுள்ள சனோமெலினை 1990களிலேயே அல்சைமர் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இல்லாத குரல் கேட்பதும் சந்தேகமும் குறைந்தன. ஆனால் வாந்தியும் வயிற்றுப் பிரட்டலும் தாங்கவில்லை, மருந்து கிடப்பில் போனது. பிற்பாடு, மூளைக்குள் அவ்வளவாக நுழையாத டிராஸ்பியம் என்ற மருந்தைக் கூடச் சேர்த்து, உடம்பில் வரும் தொந்தரவைக் குறைத்தார்கள். 252 பேரை ஆஸ்பத்திரியிலேயே தங்கவைத்து 5 வாரம் நடத்திய ஒரு ட்ரையலில், இதைச் சாப்பிட்டவர்களின் நோய் மதிப்பெண் (எப்படிப் போடுவார்கள் என்று பின்னால் சொல்கிறேன்) சராசரியாக 21.2 குறைந்தது. மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 11.6 குறைந்தது.

வெறும் மாத்திரைக்கு எப்படி 11.6? நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம், “இன்னிக்கு எப்படி இருக்கீங்க?” என்று தினம் உட்கார்ந்து கேட்க ஓர் ஆள். நோயும் ஒரே மட்டத்தில் நிற்பதில்லை, ஏறி இறங்கும். அதனால்தான் பிளாசிபோ என்ற அந்த டம்மி மாத்திரை தேவைப்படுகிறது. உலோட்டரான்ட் என்ற மருந்து 2023 ஜூலையில் கவிழ்ந்தது. டம்மி சாப்பிட்டவர்களும் நிறையத் தேறியதில் வித்தியாசம் தெரியாமல் போய்விட்டது. 2024 நவம்பரில் எம்ராக்ளிடின் என்ற மருந்தும் தேறவில்லை. இரண்டைப் பற்றியும் அதற்கு முன்னால் நம்பிக்கையாகத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சரி, கையெழுத்து. அவசரப்படாதீர்கள். ஃபார்மை வீட்டுக்கு எடுத்துப் போகக் கேளுங்கள். “இங்கேயே இப்போதே” என்றால் வேண்டாம் என்று எழுந்து வந்துவிடலாம். ட்ரையல்களுக்கான அரசுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யின் பதிவு எண்ணைக் கேளுங்கள். 2009 ஜூன் முதல் இந்தியாவில் மருந்து ட்ரையல்களை அதில் பதிவு செய்வது கட்டாயம், யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். ட்ரையல் முறையாக நடக்கிறதா என்று கண்காணிக்கும் எத்திக்ஸ் கமிட்டியின் போன் நம்பர் ஃபார்மிலேயே இருக்கும், குறித்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போட வேண்டியது நோயாளி. அப்பாவோ அண்ணனோ அவருக்குப் பதிலாகப் போட்டுவிட்டுப் போவது நடக்காது. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 99ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. சம்மதம் சொல்லும் நிலையில் அவர் இல்லையென்றால் மாநில மனநல ஆணையத்தின் அனுமதி வேண்டும், அதுவும் அவர் மறுக்காதபோது மட்டும். புத்தம்புது மருந்தாக இருந்தால் சம்மதம் கேட்பதை வீடியோ எடுப்பார்கள். கேமராவைப் பார்த்து அவர் மிரண்டால் இன்னொரு நாள் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், தப்பே இல்லை.

கேட்க வேண்டிய கேள்விகளில் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான்: இப்போது சாப்பிடும் மாத்திரையை நிறுத்துவார்களா, எத்தனை நாள், அந்த நாட்களில் நோய் கிளம்பினால் யார் பார்ப்பார்கள்? பாதி ட்ரையல்களில் தகராறு இங்கேதான். நன்றாக இருக்கும் ஒருவருடைய மருந்தை நிறுத்தி டம்மிக்கு வாய்ப்புள்ள ட்ரையலில் சேர்க்க, என் வீட்டு ஆள் என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இருக்கிற மருந்து கேட்காமல் தவிப்பவருக்குக் கணக்கு வேறு. ஆனால் அவருக்குக் குளோசபின் கொடுத்துப் பார்த்தாகிவிட்டதா என்று முதலில் டாக்டரிடம் கேளுங்கள். மற்றவை கேட்காதபோது பல பேருக்குக் கைகொடுக்கும் பழைய மருந்து அது. அதற்கு அடிக்கடி எடுக்கும் ரத்தப் பரிசோதனைக்குப் பயந்தே பலர் அதன் பக்கம் போவதில்லை.

சேர்ந்துவிட்டால், மறைக்காதீர்கள். பீடி பிடிப்பவரா? ஒரு நாளைக்கு எத்தனை? புகை ஓலான்சபின், குளோசபின் இரண்டையும் ரத்தத்தில் குறைக்கும். வார்டில் பீடி நின்றால் அதே டோஸிலும் மருந்து ரத்தத்தில் திடீரென்று ஏறிவிடும். லேகியம், சூரணம், கஞ்சா, தூக்க மாத்திரை எல்லாவற்றையும் சொல்லுங்கள். நாங்கள் போலீஸ் இல்லை. குணசீலத்தில் ஒரு மண்டலம் தங்குவதாகவோ ஏர்வாடி தர்காவுக்குப் போவதாகவோ வேண்டுதல் இருந்தால் அதையும் சொல்லுங்கள், விசிட் தேதிக்கு முன்னாலோ பின்னாலோ வைத்துக்கொள்ளலாம். சொல்லாமல் போய்விட்டுப் பாதி மாத்திரையோடு வந்து நிற்பதுதான் எனக்குத் தலைவலி.

அப்புறம், மதிப்பெண் போடும் பேட்டி. பான்ஸ் என்ற அளவுகோலில் 30 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை. நோயே இல்லாதவருக்கும் 30 வந்துவிடும்! ஆகவே 90லிருந்து 60 என்றால் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாகத் தோன்றும். அந்த 30ஐக் கழித்துப் பாருங்கள், பாதி குறைந்திருக்கிறது. பேட்டியில் வினோதமான கேள்விகள் வரும். மாம்பழத்துக்கும் வாழைப்பழத்துக்கும் என்ன ஒற்றுமை? ‘யானைக்கும் அடி சறுக்கும்’ என்றால் என்ன அர்த்தம்? “யானை சறுக்கினா பாகன் நசுங்கிடுவான் மேடம்” என்று ஒருவர் சொன்னார். பக்கத்திலிருந்த அவருடைய அக்கா “பெரியவங்களும் தப்புப் பண்ணுவாங்கன்னு சொல்லுடா” என்று அடிக்குரலில் எடுத்துக்கொடுத்தார். பாசம்தான், ஆனால் அந்தக் கேள்வி அன்றைக்கு வீண். மறைபொருள் பிடிபடுகிறதா என்று பார்க்கத்தானே பழமொழியே கேட்பது?

கைகால் அசைவுக்கும் ஒரு பரிசோதனை உண்டு. நாற்காலியில் உட்காரவைத்து, கட்டைவிரலால் மற்ற விரல்களை வேகமாகத் தொடச் சொல்வோம். அவர் கவனம் முழுக்க விரலில் இருக்கும். நாங்கள் பார்ப்பது வாயையும் காலையும். மருந்தால் நாக்கு தானாகச் சுழல்கிறதா, உதடு மெல்லுகிறதா என்று. ஆகவே வெற்றிலை பாக்கு எதுவும் வாயில் இல்லாமல் அழைத்து வாருங்கள்.

பேட்டியில் சில அம்சங்களுக்கு வீட்டார் சொல்வதுதான் ஆதாரம். “பரவால்ல மேடம், நல்லாருக்கான்” என்பதை வைத்து நான் எதையும் எழுத முடியாது. சொல்லாமலே குளித்தாரா, ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினார், சொந்தக்காரர் வந்தபோது ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாரா, தனியாகப் பேசுவது காலையிலா இரவிலா? தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு வரி எழுதிவைத்தால் போதும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். ட்ரையலில் சேர வேண்டும் என்று முதல் நாள் நோயைப் பெரிதாக்கிச் சொல்வதும், டாக்டர் மனம் கோணக்கூடாது என்று பிறகு எல்லாம் சரியாகிவிட்டதாகச் சொல்வதும் மருந்துக்குப் பொய்ச் சான்றிதழ் கொடுப்பதாகும். காலி அட்டையையும் மிச்ச மாத்திரையையும் தூக்கிப் போடாமல் கொண்டு வாருங்கள், எண்ணிப் பார்ப்போம்.

இடையில் டெங்குவுக்காக வேறு ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும் அன்றே போன் செய்யுங்கள். உயிருக்கு ஆபத்தோ ஆஸ்பத்திரி சேர்க்கையோ என்றால் டாக்டர் 24 மணி நேரத்துக்குள் மேலிடத்துக்கும் எத்திக்ஸ் கமிட்டிக்கும் எழுத வேண்டும். அவசரமென்றால் அவருக்கு விழுந்தது எந்த மாத்திரை என்ற ரகசியத்தை உடைத்துப் பார்க்கவும் வழி உண்டு. ட்ரையலால் வந்த பாதிப்புக்கு இலவச சிகிச்சையும் இழப்பீடும் 2019ஆம் ஆண்டு மருந்து ட்ரையல் விதிகளில் இருக்கின்றன. சாகப்போகிறேன் என்ற பேச்சு வந்தால் அடுத்த விசிட்வரை காத்திருக்காதீர்கள், அப்போதே அழைத்து வாருங்கள்.

வேண்டாம் என்று தோன்றினால் எந்த நாளும் வெளியேறலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. மாத்திரையை மட்டும் சட்டென்று நிறுத்தாமல் வந்து சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

முடியும் நாளுக்கு முன்பே இன்னொன்றைக் கேட்டு வையுங்கள். மருந்து அவருக்கு ஒத்துக்கொண்டது, ட்ரையல் முடிந்தது, இனி எங்கே கிடைக்கும்? தானாகக் கிடைக்காது. டாக்டர் சிபாரிசு செய்து, எத்திக்ஸ் கமிட்டி ஒப்புக்கொண்டு, வேறு மருந்து இல்லாத நிலையில்தான் கம்பெனி இலவசமாகத் தொடர்ந்து தர விதி இடம் தருகிறது. பெரும்பாலும் பழைய மருந்துக்கே திரும்ப வேண்டியிருக்கும். ஆகவே கடைசி விசிட்டில் எந்த மருந்தை எந்த டோஸில், எந்தத் தேதியிலிருந்து தொடங்குவது என்று டாக்டர் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த ஓ.பி. டோக்கனையும் அன்றைக்கே போட்டுவிடுங்கள்.