துரை பங்களாப் பதக்கத்தை வாசிப்பது எப்படி

எங்கள் தாத்தா இலங்கை மலையகத்துப் பொகவந்தலாவையில் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பங்களாச் சமையல்காரர். சீமைக்குக் கிளம்பிய துரை விட்டுப்போன தகரப் பெட்டிக்குள் ஒரு பிரிட்டிஷ் இராணுவ வெள்ளிப் பதக்கம் கிடந்தது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தால், முதலில் பாலிஷ் டப்பாவைத் தள்ளி வையுங்கள். நான் ஆசையாகத் தேய்த்தேன், விளிம்பில் பாதி எழுத்து மங்கிவிட்டது. விஷயமே அந்த விளிம்பில்தான்: படை எண், பதவி, பெயர், ரெஜிமென்ட். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து லென்ஸில் பாருங்கள்.

பின்பக்கம் 'களத்தில் காட்டிய வீரத்துக்காக' என்று ஆங்கிலத்தில் இருந்தால், அது 1916இல் தொடங்கிய மிலிட்டரி மெடல் என்ற வீரப் பதக்கம். கருநீல நாடாவின் நடுவே மூன்று வெள்ளை, இரண்டு சிவப்புக் கோடுகள். நாடாவில் வெள்ளிப் பட்டை இருந்தால் இரண்டாம் முறையும் வாங்கியிருக்கிறார்.

விளிம்பில் மருத்துவப் படையின் பெயர் இல்லை என்பதற்காக, காயம்பட்டவர்களை ஸ்ட்ரெச்சரில் தூக்கியவர் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். காலாட்படைக்குள்ளேயே தூக்குபவர்கள் இருந்தார்கள். முதல் உலகப் போரில் துப்பாக்கி சுடாமலே பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸும், இரண்டு முறை மிலிட்டரி மெடலும் வாங்கிய வில்லியம் கோல்ட்மன் அப்படிப்பட்டவர்தான்.

அப்புறம் பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெசட்டில் பெயரையும் எண்ணையும் தேடுங்கள். எதற்காகக் கொடுத்தார்கள் என்பது பெரும்பாலும் அதில் இருக்காது.

நம் மலை ஈரத்துக்குப் பருத்தித் துணியில் சுற்றி வைத்தால் நல்லது. ரப்பர் பேண்ட் மட்டும் போடாதீர்கள், வெள்ளி கறுத்துவிடும்.