கார் எடுக்குமுன் எண்ணெய்க் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

பிரிட்டனிலிருந்து மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து உறவினர்களைப் பார்க்க வருகிறவர்கள், வாடகைக் கார் எடுப்பதற்கு முன் எண்ணெய்க் கணக்கை, அதாவது பெட்ரோல் செலவுக் கணக்கை, மூன்று விதமாகவும் போடப் பழகிக்கொள்ள வேண்டும். பிரிட்டனில் ஒரு கேலனுக்கு எத்தனை மைல் என்று பேசுகிறோம். மலேசியாவில் கார் விற்பவரும் ஓட்டுபவரும் ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்கிறார்கள். சில கார்களின் மீட்டரோ 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று காட்டும். முதல் இரண்டிலும் எண் கூடினால் சிக்கனம். மூன்றாவதில் எண் குறைந்தால்தான் சிக்கனம்.

இந்த வேறுபாட்டை ஏற்க மறுத்த ஒரு வாடகைக் கார்க் கடையில், காரைத் திருப்பிக் கொடுத்த அன்று, என் காலைப்பொழுது முழுவதும் போயிற்று. எண்ணெய் முள்ளை நம்ப முடியாது, ஓடிய தூரத்தை வைத்துத்தான் காசு வாங்குவோம் என்றார் மேசையில் இருந்த தம்பி. ஓடிய தூரம் 380 கிலோமீட்டர். மீட்டரில் சராசரி 15.2 என்று இருந்தது. பக்கத்திலேயே, சிறிய எழுத்தில், லிட்டருக்குக் கிலோமீட்டர் என்ற அளவும் இருந்தது. அவர் 380-ஐ 15.2-ஆல் பெருக்கி, நூறால் வகுத்து, ஏறக்குறைய 58 லிட்டர் என்று ரசீது எழுதிவிட்டார். 380-ஐ 15.2-ஆல் வகுத்திருந்தால் 25 லிட்டர்தான். அது மைவி கார். அதன் தொட்டியே 36 லிட்டர்தான் கொள்ளும் என்றேன். வழியில் போட்டிருப்பீர்கள் என்றார். பசியாறிவிட்டு வந்த முதலாளி கணக்கைப் பார்க்கவேயில்லை. "வெளிநாட்டுல இருக்கிறீங்க, இதெல்லாம் உங்களுக்கு ஒரு காசா அண்ணே?" என்று கேட்டார்.

எனக்கு வலித்தது அந்தக் கேள்விதான். பால்மரம் சீவிய கூலியை ஒவ்வொரு காசாக எண்ணி என் பெற்றோர் என்னைப் படிக்கவைத்த ஊர் அது. அவர்களை லயத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனவன் நான் என்பதால், என்னிடம் கேட்கும் எந்தத் தொகையும் நியாயம் என்று ஊரே எண்ணுகிறதோ என்று தோன்றியது. முதலாளியைக் காருக்கே அழைத்துச் சென்று, அந்தச் சிறிய எழுத்தைக் காட்டிய பிறகுதான் அவர் 25 லிட்டருக்கு இறங்கிவந்தார். காரை எடுக்கும்போதே தூரம், எண்ணெய் முள், சராசரி, அதன் அளவு ஆகிய நான்கும் தெரியும்படி மீட்டரைப் படம் எடுத்துவையுங்கள்.

மாற்றும் முறை கடினமன்று. 100-ஐ லிட்டருக்கான கிலோமீட்டரால் வகுத்தால் 100 கிலோமீட்டருக்கான லிட்டர் வரும், 15.2 என்பது ஏறக்குறைய 6.6 லிட்டர். அதே 15.2-ஐ 2.825-ஆல் பெருக்கினால் பிரிட்டிஷ் கேலனுக்கு 43 மைல். அமெரிக்காவிலிருந்து வரும் உறவினர் 2.352-ஆல் பெருக்க வேண்டும். அவருக்கு அது 36 மைலுக்குச் சற்றுக் குறைவு. பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர், அமெரிக்கக் கேலன் 3.785 லிட்டர் என்பதே காரணம். ஒரே மைவியைப் பற்றி இரு நாட்டு மைத்துனர்கள் வாதாடினால் இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம்.

கேமரன் மலைக்குச் சேர்ந்து போய்வந்து எண்ணெய்க் காசைப் பங்கு போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அடிவாரத்துத் தாப்பா ஊரிலிருந்து 60 கிலோமீட்டர் ஏறும்போது லிட்டருக்கு 10 கிலோமீட்டரும், இறங்கும்போது 20 கிலோமீட்டரும் கார் ஓடியது என்று வைத்துக்கொண்டால், மொத்தச் சராசரி 15 ஆகாது. ஏற 6 லிட்டர், இறங்க 3 லிட்டர்; 120-ஐ 9-ஆல் வகுத்தால் 13.3 தான் வரும்.

விலையையும் சரியாகப் போடுங்கள். 2025 செப்டம்பர் 30 முதல் ரோன் 95 பெட்ரோலை லிட்டருக்கு 1.99 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கும் சலுகை, மைகார்டு என்ற மலேசிய அடையாள அட்டை வைத்திருக்கும் குடிமக்களுக்கே என்று அறிவிக்கப்பட்டது. அதற்கும் மாதத்துக்கு 300 லிட்டர் என வரம்பு வைத்தார்கள். மலேசியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. குடியுரிமையை விட்டுப் போன நமக்கு அந்த விலை இல்லை. பெரியப்பா மகன் பம்ப் அருகே தன் அட்டையை நீட்டியபோது நான் தடுத்தேன், அண்ணனுக்கு மனத்தாங்கல்தான். ஆயினும் அந்த லிட்டர்கள் அவர் செம்பனைத் தோட்டத்து வேலைக்குப் போய்வர வேண்டியவை. கோலாலம்பூரிலிருந்து சுங்கை சிப்புட் ஏறக்குறைய 230 கிலோமீட்டர்; லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்றால் ஒரு வழிக்கு 15 லிட்டருக்குச் சற்று மேலாகும், அதைச் சலுகை இல்லாத அன்றைய விலையால் பெருக்கி எடுத்துவையுங்கள்.