பழைய இசியு-வை டிஸ்ட்ரிபியூட்டரோடு இணைக்கும்போது

காரோடு வந்த டிஸ்ட்ரிபியூட்டரில் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பாகம்), தனியாக வாங்கிய பழைய இசியு-வை (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) இணைக்கிறீர்களா? டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும், சுழற்சியை உணரும் சென்சார் எந்த வகை என்று முதலில் பாருங்கள். இரண்டு வயர் என்றால் பெரும்பாலும் காந்தச் சுருள் வகை. மூன்று வயர் என்றால் ஹால் வகையாக (காந்தப்புலத்தை உணரும் சிப்) இருக்கலாம். அதன் சிக்னல் வயருக்கும் 5 வோல்ட்டுக்கும் இடையே ஒரு 1 கிலோ-ஓம் ரெசிஸ்டர் தேவைப்படலாம். சில இசியு-க்களில் அது உள்ளேயே இருக்கும்.

சுருள் வகையில்தான் அதிகக் கவனம் வேண்டும். இரண்டு வயரும் இடம் மாறியிருந்தாலும் எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிடும் என்பதால் தப்பு வெளியே தெரியாது. ஆனால் ஆர்பிஎம் ஏற ஏற டைமிங் (ஸ்பார்க் அடிக்கும் நேரம்) நகரும். சாஃப்ட்வேரில் டைமிங்கை 10 டிகிரி என்று நிலையாக வைத்துவிட்டு, டைமிங் லைட் (ஒவ்வொரு ஸ்பார்க்குக்கும் மின்னும் விளக்கு) அடித்துக்கொண்டே ஆக்சிலரேட்டரைக் கூட்டிப் பாருங்கள். எஞ்சினில் தெரியும் டைமிங் குறி நன்றாக நகர்ந்தால் வயர்களை மாற்றிப் போடுங்கள்.

சிக்னலுக்கு ஷீல்டு (உலோக உறை) உள்ள கேபிள்தான். ஷீல்டை இசியு பக்கம் மட்டும் கிரவுண்ட் செய்யுங்கள்.

அப்புறம், டைமிங்கை இசியு பார்த்துக்கொள்வதால் டிஸ்ட்ரிபியூட்டரில் டைமிங்கைத் தானாக முன்னே தள்ளும் வெயிட் அட்வான்ஸ், வேக்குவம் அட்வான்ஸ் இரண்டையும் அசையாமல் பூட்டிவிடுங்கள். விட்டுவைத்தால் இசியு, டிஸ்ட்ரிபியூட்டர் என இரண்டு பக்கமும் டைமிங் கூடி, நாக்கிங் (எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடிப்பது) வந்து பிஸ்டனே போய்விடலாம்.