குவில்ட்டின் கடைசி வேலை: மே மாத வளவில் ஓரப்பட்டி தைப்பது எப்படி

குவில்ட் தைக்கிற பலருடைய அலுமாரியிலும் முடியாத குவில்ட் ஒன்று மடித்தபடி இருக்கும். மேல்துணித் துண்டுகளைப் பொருத்தி, நடுப்பஞ்சும் அடித்துணியும் வைத்து, மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைத்தாயிற்று. ஓரம் கட்டுவது மட்டும்தான் பாக்கி. அந்த வேலைக்கு ஒன்ராறியோவில் மே மாதக் கடைசியைவிட நல்ல காலம் இல்லை. சூரியன் மறைய ஒன்பது மணி ஆகிறது. வேலையால் வந்து சமைத்துச் சாப்பிட்ட பிறகும் ஊசியில் நூல் கோக்க வெளிச்சம் இருக்கும். பின்னேரக் குளிருக்கு மடியில் கிடக்கும் குவில்ட்டின் பாரமும் இதமாக இருக்கும். ஜூலையில் அதே குவில்ட்டை மடியில் வைத்தால் வேர்த்துக் கொட்டும்.

வேலையை இரண்டாகப் பிரியுங்கள். மேசையில் செய்வது ஒன்று, மடியில் வைத்துச் செய்வது மற்றது. மேசை வேலை முழுவதையும் ஒரு மழைநாளில் வீட்டுக்குள் முடித்துவிட்டு, மடி வேலையை மட்டும் பின்வளவுக்குக் கொண்டுபோங்கள். அயன்பெட்டியும் வெட்டும் பலகையும் இன்னும் தேவைப்படுகிற நிலையில் வெளியே போய் இருந்தால், உள்ளேயும் வெளியேயும் நடந்தே பின்னேரம் போய்விடும்.

நான் இப்போது முடித்துக்கொண்டிருப்பது அம்மாவின் நூல் சீலைகளில் வெட்டிப் பொருத்தியது. ஒற்றைக் கட்டில் அளவு: அகலம் 60 அங்குலம், நீளம் 80. கீழே வரும் கணக்கெல்லாம் அந்த அளவுக்கானது.

முதலில் ஓரங்களை நேராக்க வேண்டும். எதிரெதிர்ப் பக்கங்கள் ஒரே நீளமா, மூலைக்கு மூலை இரண்டு அளவும் சமமா என்று அளவுநாடா பிடித்துப் பார்த்த பிறகுதான் சக்கரக் கத்தியை எடுங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் பஞ்சையும் அடித்துணியையும் மேல்துணியோடு சமமாக வெட்டுங்கள். பழைய சீலைத்துணி தொட்டாலே இழுபடும். அதனால் விளிம்பிலிருந்து அரைக்கால் அங்குலத்தில் சுற்றிவர ஒரு தையல் போட்டு அடுக்குகளைக் கட்டிவைத்துவிடுவேன். புதுத்துணி என்றால் இது தேவையில்லை.

ஓரப்பட்டிக்குப் பழைய சீலையை எடுக்க ஆசையாகத்தான் இருக்கும். எடுக்காதீர்கள். குவில்ட்டில் முதலில் தேய்வது ஓரம். கையால் பிடித்து இழுப்பதும் கழுத்தில் உரசுவதும் அங்கேதான். நெருக்கமாக நெய்த புதுப் பருத்தித் துணி வாங்குங்கள். நான் எடுத்தது கடுநீலம். சுற்றளவு 280 அங்குலம், மூலைகளுக்கும் கடைசி இணைப்புக்கும் 12 சேர்த்தால் 292. கடைத்துணி 42 அங்குல அகலம் இருந்தாலும், கரையும் சரிவு இணைப்பும் போக ஒரு பட்டியில் 38 அங்குலம்தான் மிஞ்சும். ஆகவே இரண்டரை அங்குல அகலத்தில் எட்டுப் பட்டிகள், மொத்தம் 20 அங்குலத் துணி. முக்கால் யார் வாங்கினால் தாராளம். கிராஸாக, அதாவது நெசவுக்குச் சரிவாக வெட்டிய பட்டி வளைந்த ஓரங்களுக்குத்தான் கட்டாயம். நேரான ஓரத்துக்குத் துணியின் அகலத்தில் நேராக வெட்டினால் போதும்.

பட்டிகளை 45 பாகைச் சரிவில் இணையுங்கள். நேராக இணைத்தால் மடிப்புகள் ஒரே இடத்தில் குவிந்து கட்டியாகிவிடும். கால் அங்குலம் விட்டு வெட்டி, தையலை விரித்து அயன் பண்ணி, பிறகு முழுப் பட்டியையும் நீளவாக்கில் இரண்டாக மடித்து இன்னொரு தடவை அயன் பண்ணுங்கள்.

பட்டியின் பிசிர் விளிம்பை குவில்ட்டின் வெட்டிய விளிம்போடு சேர்த்து, முகப்புப் பக்கத்தில் வைத்து மெசினில் கால் அங்குலத் தையல் போட வேண்டும். தொடங்கும் இடம் ஒரு பக்கத்தின் நடுவாக இருக்கட்டும். முதல் 10 அங்குலத்தைத் தைக்காமல் வாலாக விடுங்கள். மேலடுக்கையும் கீழடுக்கையும் ஒரே வேகத்தில் நகர்த்தும் வாக்கிங் ஃபுட் இருந்தால் மாட்டுங்கள், மூன்று அடுக்கு நழுவாது. மூலைக்குக் கால் அங்குலம் இருக்கும்போது நிறுத்தி, ஊசியைத் துணிக்குள் இறக்கியபடி திருப்பி, முனையை நோக்கிச் சரிவாகத் தைத்து வெளியே எடுங்கள். பட்டியை மேல்நோக்கி மடித்தால் 45 பாகை மடிப்பு ஒன்று விழும். அதை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பட்டியைக் கீழே மடியுங்கள். மடிந்த இடம் குவில்ட்டின் மேல்விளிம்போடு சமமாக வந்ததும், அந்த விளிம்பிலிருந்தே அடுத்த பக்கத்தைத் தொடங்கலாம்.

பலர் பயப்படுவது கடைசி இணைப்புக்கு. தொடங்கிய இடத்துக்கு 10 அங்குலம் இருக்கும்போது நிறுத்தி, குவில்ட்டை மெசினிலிருந்து எடுத்துவிடுங்கள். இரண்டு வால்களையும் இடைவெளியில் ஒன்றின் மேல் ஒன்று படுக்கவைத்து, அவை மேவிக் கிடக்கும் நீளம் சரியாக இரண்டரை அங்குலம் இருக்கும்படி வெட்டுங்கள். பட்டியை வெட்டிய அகலம் எதுவோ, மேவும் நீளமும் அதுவே. 2¼ அங்குலப் பட்டி என்றால் 2¼. பிறகு இரண்டு வால்களின் மடிப்பையும் விரித்து, முகப்புகள் ஒன்றையொன்று பார்க்க, செங்கோணமாக வைத்து மூலைக்கு மூலை தையுங்கள். இதற்குக் கை ஓட இடம் வேண்டும். இடைவெளியின் நடுவில் குவில்ட்டையே மடித்து ஒரு கிளிப்பால் பிடித்துவிட்டால் வால்கள் தளர்ந்து வசதியாக வரும். மிச்சத்தை வெட்டுவதற்கு முன் பட்டியை மடித்து ஓரத்தில் வைத்துப் பாருங்கள். முறுக்கு இல்லாமல் படுத்தால் வெட்டி, விட்ட இடைவெளியைத் தைத்துவிடலாம்.

இனி வெளியே போகலாம்.

இருக்கிற இடத்தைக் கவனமாகத் தெரிவுசெய்யுங்கள். மரத்தடிதான் அழகு, ஆனால் இலைகளின் நிழல் துணிமேல் ஆடிக்கொண்டே இருந்தால் கடுநீலத்தில் கடுநீல நூல் எங்கே போகிறது என்று கண் தேடிக் களைத்துவிடும். வீட்டுச் சுவரின் நிழல் நல்லது, ஒரே சீரான வெளிச்சம். மேப்பிளின் சிறகு விதைகளும் ஓக் மரத்தின் மஞ்சள் மகரந்தமும் உதிரும் நாட்கள் என்பதாலும் மரத்தைவிட்டுத் தள்ளியிருப்பதே புத்தி. முதுகு நேராக இருக்கும் கதிரை ஒன்று, முன்னால் குவில்ட்டின் பாரத்தைத் தாங்க முக்காலி ஒன்று, கால்மாட்டில் பழைய படுக்கை விரிப்பு. குண்டூசியை வெளியே கொண்டுபோகவே வேண்டாம். புல்லுக்குள் விழுந்த குண்டூசியை வெறுங்காலோடு ஓடும் பிள்ளைதான் கண்டுபிடிக்கும். பட்டியைப் பின்பக்கம் மடித்துப் பிடிக்கக் கிளிப்புகள் போதும். ஒரு முழ நீளத்துக்கு மட்டும் போட்டு, தைக்கத் தைக்க நகர்த்துங்கள்.

கை சுத்தமும் முக்கியம். தக்காளிக் கன்றைத் தொட்டால் விரலில் பச்சை மஞ்சளாக ஒரு பிசின் ஒட்டும், அது துணியில் கறையாகும். ஆகவே முதலில் தையல், பிறகு தோட்டம். வெயில் கிறீமும் பருத்தியில் மஞ்சள் கறை விடும். அதற்குப் பதிலாக நீளக்கைச் சட்டை போடுங்கள், கொசுவுக்கும் அதுவே காவல்.

ஊசி 9 அல்லது 10ஆம் இலக்க ஷார்ப்ஸ் என்ற கைத்தையல் ஊசி. இலக்கம் கூடக் கூட ஊசி சிறுக்கும். நூல் பட்டியின் நிறத்தில், 18 அங்குலத்துக்கு மேல் வேண்டாம், நீண்டால் சிக்கும். முடிச்சைப் பட்டிக்கு அடியில் ஒளித்து, பட்டியின் மடிந்த விளிம்பில் ஊசியை வெளியே எடுங்கள். நேர் எதிரே அடித்துணியில் ஊசியை இறக்கி, பஞ்சுக்குள்ளால் கால் அங்குலத்துக்குக் குறைவாக ஓட்டி, மறுபடி மடிப்பின் நுனியில் ஏற்றுங்கள். முன்பக்கத் துணியை ஊசி தொடக்கூடாது. இடது கையின் நடுவிரலை அடியில் வைத்திருந்தால் ஊசி ஆழமாகப் போகும்போது விரலே சொல்லும். மெசின் தையலை மடிப்பு மூடிவிட வேண்டும். மூலைக்கு வந்ததும், முகப்பில் மடிப்பு எந்தப் பக்கம் சாய்ந்ததோ அதற்கு எதிர்ப்பக்கமாகப் பின்னால் மடியுங்கள். பாரம் இரண்டு பக்கமும் பிரிந்து மூலை தட்டையாக, கூராக வரும். அந்தச் சரிவு மடிப்பையும் இரண்டு மூன்று தையலால் மூடுங்கள். இதை மெசினிலேயே முடிப்பவர்களும் உண்டு, உறுதியாகவும் இருக்கும். ஆனாலும் அம்மாவின் சீலைக்குக் கைத்தையல்தான் என்பதில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை.

நூல் தீரும் ஒவ்வொரு தடவையும் எழும்புங்கள். கழுத்துக்கும் கண்ணுக்கும் அது வேண்டும். வளவிலும் பார்க்க நிறைய இருக்கிறது. விக்டோரியா தினம் கழிந்து உறைபனிப் பயம் போனால் மிளகாய்க் கன்றும் கத்தரிக் கன்றும் மண்ணுக்கு வரும். இரவுக் குளிர் 10 பாகைக்குக் கீழே இறங்காது என்று தெரிந்ததும் கறிவேப்பிலைச் சாடியை வெளியே வையுங்கள், முதல் ஒரு கிழமை நிழலில். நேரே வெயிலில் வைத்தால் இலை வெந்துபோகும். பியோனி மொட்டுகளில் எறும்பு ஊர்வதைப் பார்த்து மருந்து அடிக்காதீர்கள். மொட்டில் சுரக்கும் தேனுக்காக வருகின்றன, பூவுக்கு ஒரு கெடுதலும் இல்லை. லைலாக் வாசம் காற்றில் வரும்போது நான் அடுத்த நூலைக் கோக்கக் கொஞ்சம் பிந்துவதும் உண்டு.

ஒன்ராறியோவின் குவில்ட்காரருக்கு மே மாதக் கடைசி என்றால் இன்னொரு நினைவும் வரும். நியூ ஹம்பர்க்கில் 1967இல் தொடங்கிய, மெனனைட் என்ற கிறிஸ்தவ சமூகத்தவரின் நிவாரண விற்பனை நீண்டகாலம் அந்த நாட்களிலேயே நடந்தது. குவில்ட் ஏலம்தான் அதன் பெரிய ஈர்ப்பு. மெனனைட் பெண்களின் வேலையைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஓரப்பட்டி முன்னும் பின்னும் ஒரே அகலமாக, உள்ளே வெறுமை இல்லாமல் பஞ்சு நிறைந்து இருக்கும். உங்கள் பட்டியை விரலால் நசுக்கினால் உள்ளே வெற்றிடம் தெரிகிறதா? அப்படியென்றால் மெசின் தையல் விளிம்புக்கு மிகக் கிட்டப் போயிருக்கிறது என்று அர்த்தம்.

பின்பக்கக் கீழ்மூலையில் ஒரு துணித் துண்டில் பெயரும் ஆண்டும் தைத்து வையுங்கள். யாருடைய சீலை என்பதையும் எழுதுங்கள், பேரப்பிள்ளைகளுக்கு வேறு எப்படித் தெரியும்?

முதல் கழுவல் குளிர்ந்த தண்ணீரில், மெதுவான சுற்றில். பழைய சீலையிலும் அரக்குச் சிவப்பு சாயம் விடும், ஆகவே சாயம் பிடிக்கும் தாள் இரண்டு மூன்று கூடவே போடுங்கள். பருத்திப் பஞ்சு கொஞ்சம் சுருங்கி, தையலுக்குத் தையல் துணி மெல்லப் புடைத்து எழும். ஈரக் குவில்ட்டைக் கொடியில் தொங்கவிடாதீர்கள், அதன் பாரமே தையலை அறுக்கும். நிழலான புல்லில் வெள்ளை விரிப்புப் போட்டு, அடித்துணி மேலே பார்க்கப் படுக்கவைத்து, நடுவில் ஒரு தடவை திருப்புங்கள். பக்கத்தில் மல்பெரி மரம் இருந்தால், ஜூன் கடைசியில் பழம் பழுக்கத் தொடங்குவதற்கு முன்பே இந்த வேலையை முடித்துவிட வேண்டும். அந்தப் பழம் தின்ற பறவைகளின் ஊதா எச்சத்தைத் துணியிலிருந்து எடுப்பது பெரும்பாடு.