செம்புக் குடத்தில் குடிநீர் வைக்கும் முறை

செம்பின் பரப்பிலிருந்து கரையும் அயனிகள் பாக்டீரியாவின் மேலுறையைச் சிதைத்து, அதன் உள்ளுறுப்புகளைச் செயலிழக்கச் செய்கின்றன. இந்தப் பண்பை ஏற்று, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2008-ஆம் ஆண்டில் செம்புக் கலவைகளைக் கிருமிகொல்லிப் பரப்புகளாகப் பதிவு செய்தது.

குடம் வாங்கும்போது உட்புறத்தைக் கட்டாயம் பாருங்கள். வெள்ளீயம் பூசியிருந்தாலோ மினுமினுப்புக்காக வார்னிஷ் அடித்திருந்தாலோ நீர் செம்பைத் தொடாது. அத்தகைய குடத்தால் இந்தப் பயன் கிடைக்காது.

வடிகட்டிய நீரை இரவில் ஊற்றி, மூடி வைத்து, மறுநாள் குடியுங்கள். ஓரிரு மணி நேரம் போதாது. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகள் அழிய ஏறத்தாழ 16 மணி நேரம் ஆகும் என்று பெங்களூரில் நடந்த ஆய்வு காட்டியது. எனினும் சாக்கடை கலந்த நீரை இதை மட்டும் நம்பிக் குடிக்கக் கூடாது, கொதிக்க வைக்கவே வேண்டும். உப்பையும் ஃபுளோரைடையும் செம்பு நீக்காது.

உட்சுவர் கறுத்தாலோ, கழுத்தின் மடிப்பில் பச்சைக் களிம்பு படர்ந்தாலோ, புளியும் கல்லுப்பும் சேர்த்துத் தேய்த்து, புளிப்பு வாடை போகும்வரை அலசிக் கவிழ்த்து உலர்த்துங்கள். எலுமிச்சைச் சாறு, மோர், ரசம் போன்றவற்றை ஒருபோதும் அதில் வைக்காதீர்கள். புளிப்பு செம்பை மிகுதியாகக் கரைத்து, குமட்டலையும் வாந்தியையும் உண்டாக்கும். உலகச் சுகாதார நிறுவனம் குடிநீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் செம்பையே வரம்பாக வைத்துள்ளது. உடலில் செம்பு வெளியேறாமல் தேங்கும் வில்சன் நோய் உள்ளவர்களுக்கு இந்த நீரைத் தரவே கூடாது.